‘நாடில்லாத இளவரசன்’ வந்தியத்தேவனின் ஊர் எங்கே இருக்கிறது தெரியுமா?

2022 ஜூலையில் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் கார்த்தி போஸ்டர் வெளியானபோது, வந்தியத்தேவனை நாடில்லாத இளவரசன், ஒற்றன், சாகசக்காரன் என்று அறிமுகப்படுத்தியது படக்குழு. போஸ்டரை ஷேர் செய்த பலரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அவன் இழந்த அந்த நாடு எது?

தஞ்சாவூர்ப் பக்கம் தேட வேண்டாம். சென்னையிலிருந்து காட்பாடி போகும் ரயிலில் ஏறினால், வாலாஜா ரோடு, முகுந்தராயபுரம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். பெயர் திருவலம். பழைய பெயர் திருவல்லம். கல்கி தன் நாயகனுக்குக் கொடுத்த பூர்வீகம் இதுதான்.

தோல் பெல்ட்டில் ஒரு தலைநகர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்தப் பெயர்களைச் சொன்னதும் டேனரியும் ஷூ கம்பெனியும், கூடவே பிரியாணியும் நினைவுக்கு வரும். காலையில் ஷூ கம்பெனி பஸ்களுக்காகப் பெண்கள் டிபன் பாக்ஸோடு சாலையோரம் காத்திருக்கும் வட்டாரம் இது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூருக்கும், மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. திருவலம் வேலூரோடே தங்கிவிட்டது.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பு இந்தப் பகுதியை ஆண்டவர்கள் வாணர்கள். திருவலம் வில்வநாதேஸ்வரர் கோயிலில் பல்லவர், வாணர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ‘வாணபுரம்’ என்ற பெயரும் அவற்றில் வருகிறது. சம்பந்தர் பாடிய தலம். பொதுவாக நந்தி சுவாமியைப் பார்த்தபடி இருக்கும் அல்லவா? இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சுவாமிக்குத் தண்ணீர் கொண்டு வந்த அர்ச்சகருக்குத் தொல்லை கொடுத்த கஞ்சன் என்ற அசுரன் திரும்பி வராமல் காவல் காக்கிறதாம். ஊரில் சொல்லும் கதை இது.

கல்வெட்டில் ஒரு வரி, நாவலில் ஐந்து பாகம்

வந்தியத்தேவன் முழுக் கற்பனை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்கா குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்கிறது. அவர் எந்த ஊர்க்காரர் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. அந்தப் பெயரை எடுத்து, வாணர் குலம், இழந்த ராஜ்யம், அடங்காத வாய் என்று ஒரு மனிதனை உண்டாக்கியது கல்கி.

1950 அக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கிய கதை 1954-ல் முடிந்தது. அதற்குப் படம் வரைந்தவர் ஓவியர் மணியம். சினிமா வருவதற்கு முன்பே குந்தவையையும் நந்தினியையும் தமிழ்க் குடும்பங்கள் பார்த்துவிட்டன என்றால் அதற்குக் காரணம் அந்தத் தூரிகைதான். பல வீடுகளில் தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள்.

1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் நிலைமை மாறியது. பல பதிப்பகங்கள் நாவலை வெளியிட்டன. அட்டைக்கு அட்டை வந்தியத்தேவனின் முகமும் மாறியது. அந்த நாவலை 1958-லேயே படமாக்க உரிமை வாங்கிய எம்.ஜி.ஆரால் எடுக்க முடியவில்லை. மணிரத்னத்தின் இரண்டு பாகங்கள் 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 தேதிகளில் வந்த பிறகு, இளைய வாசகர்களுக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்திதான். புத்தகத்தைத் திறக்கும் முன்பே முகம் முடிவாகிவிடுகிறது.

எது போனது, எது வந்தது?

ஐந்து பாகக் கதை, சுமார் ஐந்தரை மணி நேரத்தில் அடங்க வேண்டும். நாவலில் பலரை அழ வைத்த மணிமேகலை படத்தில் இல்லை. நாவல் ஆடிப் பெருக்கில், நிறைந்த வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வரும் இளைஞனோடு தொடங்கும். படமோ ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்குகிறது.

கல்கி ரசிகர்கள் சிலருக்கு அது வருத்தம். ஆனால் இந்த வட்டாரத்துக்காரர்கள் அதை வேறு மாதிரி பார்க்கலாம். ராஷ்டிரகூடப் போர் உண்மையில் நடந்தது இவர்கள் மண்ணில்தான். 949-ல் ராஜாதித்த சோழன் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட தக்கோலம், இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, 959-ல், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பாசறை போட்டிருந்த இடம் மேல்பாடி. கர்ஹாட் செப்பேடு அதைச் சொல்கிறது.

திருவலத்துக்கு வடக்கே, அதே பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது மேல்பாடி. பின்னாளில் ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனின் நினைவாக அங்கே ஒரு பள்ளிப்படைக் கோயில் கட்டினான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னக் கோயில். தஞ்சைக் கோயிலைப் பார்த்து அண்ணாந்தவர்கள், அதே அரசன் தாத்தாவுக்காகக் கட்டியதையும் பார்க்க வேண்டும்.

புது வெள்ளம் எங்கே?

நாவலின் முதல் பாகத்துக்குப் பெயர் ‘புது வெள்ளம்’. வந்தியத்தேவனின் ஊரில் ஓடும் பொன்னை ஆற்றுக்கு ‘நீவா’ என்றும் பெயர். சுவாமி ‘நீ வா’ என்று கூப்பிட, ஆறு வந்ததாம். இன்று பெரும்பாலான மாதங்களில் பாலத்துக்குக் கீழே மணல்தான். பொன்னை சேரும் பாலாற்றுக்கு டேனரிக் கழிவு என்ற கவலையும் உண்டு. 1996-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. அந்தத் தோலை நம்பித்தான் இங்கே பல ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மை.

ஆறு மறந்துவிடவில்லை. 2021 மழையில் பாலாறும் பொன்னையும் கரை புரண்டன. அந்த டிசம்பரில் திருவலம் அருகே பொன்னை ரயில் பாலத்தில் பழுது தெரிந்து, பல ரயில்கள் ரத்தாயின.

ஒரு நாளில் பார்க்கலாம்

காட்பாடியில் இறங்கினால் ராணிப்பேட்டை போகும் பஸ்ஸில் திருவலம். காலையில் கோயில், பழைய இரும்புப் பாலம், பிறகு மேல்பாடி. நேரமிருந்தால் மறுநாள் தக்கோலம். வீட்டில் நாவல் இருந்தால் முதல் பாகத்தை எடுத்துப் போங்கள். பிள்ளைகள் படம் மட்டும் பார்த்திருந்தால், குதிரையில் வந்த அந்த அண்ணனின் ஊர் இதுதான் என்று காட்டுங்கள்.