அரிசிச் சாக்கும் அயல் வீடும்

14 ஒக்டோபர் 2021, யாழ்ப்பாணம்

விலைக் கட்டுப்பாட்டை எடுத்த கையோடு எல்லாம் ஏறிவிட்டது. 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இப்போது 2,675. பால்மா வந்தால் தெரிந்த முகங்களுக்கு மட்டும் மேசைக்குக் கீழிருந்து வருகிறது. மாமி காலையிலேயே பின்வளவில் கிடந்த பனம் மட்டைகளை இழுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார்.

"காஸை நம்பிக்கொண்டு இராதை பிள்ளை. விறகு அடுப்பை மெழுகி வை."

மாமிக்கு 1990 யூன் ஞாபகம். சண்டை மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோன காலம். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அரசின் தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. பனம்பழத்தின் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். அந்த நாட்களைக் கடந்தவர்களுக்குத் தட்டுப்பாடு என்றால் முதலில் கை போவது வளவுக்குத்தான், கடைக்கு அல்ல.

8 மார்ச் 2022

200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த டொலரின் விலையை மத்திய வங்கி நேற்று விட்டுவிட்டது. கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, சீனி, பால்மா, காஸ், மண்ணெண்ணெய் எல்லாமே டொலர் கொடுத்து வாங்குபவை. அரிசியாவது நம் மண்ணில் விளைகிறது என்று சொல்லவும் வழியில்லை. போன வருடம் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலபோகத்துக்குக் காலம் பிந்திவிட்டது. வன்னியில் வயல் செய்யும் உறவினர்கள் இந்த அறுவடையில் கண்ட குறைவைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது.

சம்பளம் வந்ததும் மாமியும் நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மாமியின் விதி ஒன்றுதான்: சும்மா கிடந்தாலும் கெடாததை வாங்கு, கெடுவதைப் பக்குவம் பண்ணத் தெரிந்தால் மட்டும் வாங்கு. அரிசியை விட நெல் நல்லது. வண்டு இலகுவில் அண்டாது, வேண்டியபோது குத்திக்கொள்ளலாம். அரிசி மாவை வறுத்து, சூடு ஆறவிட்டு, ஈரம் படாத தகரப் பேணியில் அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பயறையும் பருப்பையும் வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு போட வேண்டும். புளியில் உப்புத் தூவி உருண்டை பிடித்துச் சாடியில் அமுக்க வேண்டும். செத்தல் மிளகாயையும் மல்லியையும் வறுத்துத் தூளாக்கினால் கறிக்குக் கவலையில்லை. சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி கட்டி, காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட்டோம். முற்றத்துப் பாயில் ஒடியல் காய்கிறது. நல்ல வேளையாக இது பனங்கிழங்குக் காலம். புழுக்கொடியலும் வைத்துக்கொண்டால் பிள்ளைகளின் மாலைப் பசிக்கு பிஸ்கட் தேடத் தேவையில்லை.

பால்மாவில் மாமி கறாராக நின்றார். "எங்களுக்கு வெறும் தேத்தண்ணி காணும். அதைச் சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரர் எடுக்கட்டும்."

20 மார்ச்

400 கிராம் பால்மா 790 ரூபாய். கடதாசி இல்லாததால் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. கையில் குழந்தை. அவள் கடையில் வாங்குவது 100 கிராம் பருப்பு, 100 கிராம் சீனி, ஒரு சின்னப் பை பால்மா. நான் கிலோவாக வாங்கியதை விட, கிராமாக வாங்கும் அவள் கொடுக்கும் விலை அதிகம். நாளைக்கு ஏறப்போகிறது என்று அவளுக்கும் தெரியும். இன்றைக்கு வாங்கி வைக்கக் காசு வேண்டுமே.

"அக்கா, நீங்கள் முன்னுக்கு வாங்கி வைச்சிட்டியள். நாங்கள் என்னத்தை வைக்கிறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் இரவு நித்திரை வரவில்லை.

பதுக்கல் என்றால் மொத்த வியாபாரியின் களஞ்சியத்தை மட்டுமே நினைக்கிறோம். ஒரு தெருவில் சம்பளக்காரர்கள் எல்லோரும் ஒரே கிழமையில் மூன்று மாதத்துக்கு வாங்கினால், சின்னக் கடையின் தட்டு காலியாகிறது. மறுநாள் வரும் கூலிக்காரர் வெறுங்கையோடு திரும்புகிறார். ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்கு வைத்திருப்பது முன்யோசனை. அதற்கு மேல் அடுக்குவது அயலவரின் பங்கில் கைவைப்பது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

1 ஏப்ரல்

நேற்று 13 மணி நேர மின்வெட்டு. குளிர்சாதனப் பெட்டியை நம்பியவர்கள் மீனைக் கருவாடு போடுகிறார்கள்.

28 யூன்

யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். நீர் இறைக்கும் மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டம் வாடுகிறது. படகுகள் கரையில் நிற்கின்றன. வீட்டில் எதைச் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

தங்கச்சியோடு சேர்த்து நாலு வீட்டுப் பெண்கள் எங்கள் திண்ணையில் கூடினோம். கையில் இருப்பவர் காசு போட்டு நெல்லை மூட்டையாக எடுப்பது, இல்லாதவர் குத்திப் புடைத்து விறகும் சேர்ப்பது, அரிசியை ஆள் கணக்குப்படி பிரிப்பது என்று முடிவாயிற்று. புதிதாக நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை கூப்பனுக்கு அளந்து கொடுத்ததும் இந்த முறையில்தான். கூட்டுறவு அன்று குடாநாட்டுக்குச் சோறு போட்டது. அதே சங்கங்களை இன்று நாங்கள் மறந்து கிடப்பது பெரிய இழப்பு.

22 ஓகஸ்ட்

87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் லீற்றர் 340 ஆகிவிட்டது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இது பேரிடி.

1 ஒக்டோபர் 2022

செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று அறிவித்திருக்கிறார்கள். கொழும்பு விலைச் சுட்டெண்படியான கணக்கு அது. போன வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு இப்போது கிட்டத்தட்ட 195 ரூபாய் வேண்டும். தங்கச்சியின் கூலி அப்படி ஏறவில்லை.

வீட்டில் ஒரு மாதத் தேவைக்கு மேல் அரிசியும் பருப்பும் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேலதிகமானதை உங்கள் ஒழுங்கையில் நாட்கூலிக்குப் போகும் வீடுகளுக்குக் கொடுங்கள். சும்மா கொடுக்க முடியாவிட்டால், இன்றைய விலைக்கு விற்காமல் நீங்கள் வாங்கிய விலைக்கே கொடுங்கள். பால்மா இருந்தால் முதலில் கைக்குழந்தை உள்ள வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.