யானைத் தீ

2018-ஆம் ஆண்டு திசம்பர்க் குளிரில் ஒரு காலை, தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் வாசலில், முன்பின் அறியாத ஓர் அம்மையார் என்னை வழிமறித்தார். "வளர்க்கத் தெரியாதவர்களுக்கு நாய் எதற்கு? சோறும் சாம்பாரும் போட்டால் இது பிழைக்குமா?" என்று இந்தியில் கேட்டார். என் கையிலிருந்த வாரின் மறுமுனையில் மணி நின்றான். அல்சேஷன் இனம், இரண்டரை வயது. 32 கிலோ இருந்தவன் 21 கிலோவாக இளைத்து, விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்ற நிலையில் இருந்தான். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று விடிந்ததிலிருந்து அவன் மூன்று தட்டுச் சோறு தின்றிருக்கிறான் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மையார் நம்பியிருக்கமாட்டார்.

அம்மாவுக்கு அப்போது வயது 79. தென்காசிப் பக்கத்துச் சைவக் குடும்பம் எங்களுடையது. 1968-இல் அப்பாவோடு தில்லிக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியும், ஒரு முட்டைகூட எங்கள் அடுக்களைக்குள் நுழைந்ததில்லை. மணிக்கு வாங்கும் நாய்த்தீனி மூட்டையும் பால்கனியில் தனியேதான் இருக்கும். இளைத்த உயிரைக் கண்டால் இன்னும் ஒரு பிடி போடுவதைத் தவிர வேறு வைத்தியம் அம்மா அறியார். தயிர்ச்சோறு போட்டார். அது போதவில்லை என்று பருப்புச்சோற்றில் நெய்யை விட்டுப் பிசைந்து வைத்தார். மணி தின்றான், தின்றுகொண்டே இருந்தான். தட்டு காலியானபின் கால்மிதியைத் தின்றான், பூந்தொட்டி மண்ணைத் தின்றான், சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும், தன் மலத்தையும் தின்றான். நாளுக்கு ஏழெட்டு முறை வெளியே போனான். போனதெல்லாம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு இருந்தது. நெய் கூடக்கூட அதுவும் கூடிற்று.

தமிழ் படித்த நம்மவர்க்கு இந்தப் பசி புதியதன்று. மணிமேகலையில் வரும் காயசண்டிகையை நினைவு கூரலாம். விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டு, அவர் சாபத்தால் யானைத்தீ என்னும் ஆறாப் பசிக்கு ஆளானவள் அவள். எவ்வளவு உண்டாலும் அடங்காத அந்தத் தீ, அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோற்றால்தான் அடங்கியது. கல்லூரியில் அதைப் படித்தபோது புலவரின் கற்பனை என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அதே யானைத்தீ நான்கு கால்களோடு வந்து என் வீட்டுக் கால்மிதியை மெல்லும் என்று அப்போது யார் கண்டார்?

இரண்டு மருத்துவர்கள் குடற்புழுவுக்கும் கழிச்சலுக்கும் மருந்து தந்து மூன்று மாதங்களைக் கடத்தினார்கள். மூன்றாமவர் மருந்துச்சீட்டை எடுக்குமுன் மலத்தைப் பார்த்தார். பசி எப்படி என்று கேட்டார். மணியைப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டு இரத்தம் எடுத்தனுப்பச் சொன்னார். கணையத்திலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளக்கும் சோதனை அது. அளவு 2.5-க்குக் கீழே போனால் நோய் உறுதி. மணிக்கு 1.2 இருந்தது.

கணையத்துக்கு இரண்டு தொழில்கள். இன்சுலினைச் சுரந்து இரத்தத்தில் விடுவது ஒன்று. சோற்றையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் நொதிகளைச் சுரந்து குடலில் விடுவது மற்றொன்று. கணையத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாம் தொழிலுக்கே உரியது. அல்சேஷன் இனத்தில் சில நாய்களுக்கு இளமையிலேயே இந்தப் பகுதி சுருங்கி அழிந்துபோகிறது. ஏறத்தாழ 90 விழுக்காடு அழிந்த பிறகே நோய் வெளியே தெரியும். அதன்பின் உண்பதெல்லாம் உடைபடாமல் குடலைக் கடந்து போய்விடும். வயிறு நிறைந்திருக்க, உடம்பு பட்டினி கிடக்கும். அந்த அம்மையார் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மணி பட்டினிதான் கிடந்தான், எங்கள் மூன்று தட்டுச் சோற்றின் நடுவே.

இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுப்பதுதான் வைத்தியம். பன்றிக் கணையத்தை உலர்த்திச் செய்த பொடி அது. எதிலிருந்து வருகிறது என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டப்பாவில் வரும் பொடிக்கு மருந்து என்னும் பெயரே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வேளையும் உணவை நனைத்துப் பொடியைக் கலக்க வேண்டும், உலர்ந்தபடி போட்டால் பொடி வாயைப் புண்ணாக்கும். நெய்யும் நார்க்காய்களும் கூடா. பொடி சேராத ஒரு கவளமும் உள்ளே போகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பிசுகோத்துக்கும், காவலாளியின் ரொட்டிக்கும் அன்றோடு தடை விழுந்தது. உணவு சூடாக இருந்தால் நொதி செத்துவிடும் என்பதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. ஆறின சோற்றை எவருக்கும் இட்டறியாத கை அது. ஒவ்வொரு வேளையும் சுண்டுவிரலைத் தட்டில் வைத்துப் பார்த்து, குற்றம் செய்பவரைப் போல அதைக் கீழே வைப்பார்.

இந்த நோயில் பி-12 என்னும் உயிர்ச்சத்தும் குறைந்துபோகும். வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம் ஊசி போட வேண்டும். மருத்துவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார், என் கை நடுங்கிற்று. "கொண்டாய்யா இங்க" என்று அம்மா வாங்கினார். மணியின் பிடரித்தோலை இரண்டு விரலால் தூக்கினார், ஊசி உள்ளே போனதை அவன் அறியவில்லை. அப்பாவுக்கு 1974 முதல் 1983-இல் இறக்கும்வரை சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் நாள்தோறும் இன்சுலின் போட்ட கை அது. கண்ணாடி ஊசிக்குழலைக் காலையில் காப்பிக்கு முன்னே வெந்நீரில் கொதிக்கவைப்பார். குளிர்சாதனப் பெட்டி வாங்க வழியில்லாத காலம். ஈரமணல் நிரப்பிய மண்பானையில் இன்சுலின் புட்டியை வைத்திருப்பார்.

மணியின் கழிவு ஒரு வாரத்தில் உருப்பெற்றது. ஆறு மாதத்தில் 28 கிலோவைத் தொட்டான். அந்த அம்மையார் வழியில் மீண்டும் எதிர்ப்படமாட்டாரா என்று நானும் சில நாள் வேண்டுமென்றே அதே நேரத்துக்கு நடந்து பார்த்தேன்.

2020 மார்ச்சு 25-இல் ஊரடங்கு வந்தது. வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்த பொடி நின்றது. ஏப்பிரல் நடுவில் டப்பாவின் அடி தெரிந்தது. தொலைபேசியில் மருத்துவர் சொன்ன வழி ஒன்றுதான்: ஆட்டின் கணையத்தைப் பச்சையாக அரிந்து உணவில் கலப்பது. கிருமித் தொற்றுக்கு இடமுண்டு என்றும் எச்சரித்தார். வேகவைத்தால் பயனில்லை, உறையவைத்தால் சில மாதம் வீரியம் கெடாது.

இறைச்சிக் கடைகளுக்கு அப்போது அனுமதி இருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக நான் கசாப்புக் கடைமுன் நின்றேன். அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போன 'அக்னியாசயம்' என்ற சொல்லைச் சொன்னேன். தீயின் இருப்பிடம் என்று பொருள்படும் அழகான சொல், கடைக்காரருக்குத்தான் விளங்கவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன், நாய் என்றேன், சர்க்கரை நோய் என்றேன். "ஓ, லப்லபாவா!" என்று சிரித்தார். வேண்டாமென்று எறிவது அது. ஓர் ஆட்டுக்கு ஓர் உள்ளங்கை அளவுதான் கிடைக்கும், மணியின் ஒரு வேளைக்கே இரண்டு மூன்று வேண்டும். நாள்தோறும் எடுத்து வைப்பதாகச் சொன்னார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

பொட்டலத்தோடு வந்த என்னை அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "வேக வச்சாவது குடுக்கக் கூடாதா?" என்றார். கூடாது என்றேன். "தேங்காத்துருவலும் பட்டாணியும் வச்சிருக்கிற பெட்டியிலயா இதை வைப்பே?" என்றார். ஊரடங்கின் சலிப்போ, கடை வாசலில் பட்ட கூச்சமோ, சட்டென்று சொல்லிவிட்டேன்: "அப்பாவுக்கு ஒன்பது வருஷம் ஊசி போட்டீங்களே, அது எதுலேருந்து வந்துதுன்னு நெனச்சீங்க?"

சொன்னது பொய்யன்று. 1889-இல் ஸ்திராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர், கொழுப்பு செரிப்பதில் கணையத்தின் பங்கை அறிய ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. மணியின் நோயைத் தேடிப்போய் அப்பாவின் நோயைக் கண்டார்கள் என்றே சொல்லலாம். 1921-இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களை வைத்துத்தான். மனித இன்சுலினை ஆய்வகத்தில் செய்து 1982-இல் விற்பனைக்கு ஒப்புதல் பெறும்வரை, உலகுக்குக் கிடைத்ததெல்லாம் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து வந்ததுதான். எல்லாம் உண்மை. ஆனாலும் 81 வயதில் அம்மா அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஈரமணற்பானையைப் பூசை அறைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்தவர் அவர்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு உண்ணவும் இல்லை. பொட்டலத்தைப் பனிக்கட்டியிட்டுப் பால்கனியில் வைத்திருந்தேன்.

காலையில் எழுந்து பார்த்தபோது தேங்காயும் பட்டாணியும் மேல்தட்டில் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தன. உறையறையின் பாதி இடம் துடைத்து வெறுமையாக இருந்தது. உள்ளே மூடியிட்ட எவர்சில்வர் சம்புடம் ஒன்று. "ஒரு வேளைக்கு எத்தனை கிராம்யா?" என்றார் அம்மா. அரிவதை நான் செய்தேன், பால்கனியில், அதற்கென்று வாங்கிய கத்தியால். தராசைப் பார்த்துச் சொன்னது அவர்.

சூலையில் பொடி மீண்டும் வரத் தொடங்கியது. ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது. ஆதலால் சம்புடம் காலியாகாமல் பார்த்துக்கொண்டோம். ஐப்பசியில் அப்பாவின் திதி வந்தது. அன்று மட்டும் சம்புடத்தைப் பனிக்கட்டியிட்டு வெளியே வைத்துவிடவா என்று முதல்நாள் இரவே கேட்டேன். அம்மா படையலுக்கு வாழைக்காய் எண்ணிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு? அவனும் வேளைக்குச் சாப்பிட வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.