குரலுக்கு வயது உண்டு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சினை அரசு விரட்டிய காலத்தில், செல்லோ இசைக்கலைஞர் ரஸ்த்ரபோவிச் அவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ரஸ்த்ரபோவிச்சைப் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். அவர் மனைவி கலீனா விஷ்னெவ்ஸ்கயா, மாஸ்கோ பொல்ஷோய் அரங்கின் முதன்மை சொப்ரானோ பாடகி. இருவரில் அதிக விலை கொடுத்தவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

பெண் குரலில் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடுபவரை சொப்ரானோ என்பார்கள். ஓபராவில் மைக் கிடையாது. பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். செல்லோக்காரர் எழுபது வயதிலும் வாசிக்கலாம். சொப்ரானோவுக்கு ஐம்பதை நெருங்கும்போதே குரல் இறங்கத் தொடங்கிவிடும். அந்த வயதில் மேடையை இழந்தால், இழந்ததுதான்.

கலீனா 1926இல் லெனின்கிராடில் பிறந்தார். பெற்றோர் கவனிக்கவில்லை, க்ரோன்ஷ்டாட் என்ற கடற்படைத் தீவில் பாட்டிதான் வளர்த்தார். 1941இல் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. அந்தக் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி. பாட்டி அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துபோனார். தனித்து நின்ற அந்தப் பெண், பதினாறு வயதில் விமான எதிர்ப்புப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார்.

போருக்குப் பிறகு சிறிய நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பிறந்த குழந்தை சில மாதங்களிலேயே இறந்தது. பிறகு காசநோய். நுரையீரலைச் சுருங்க வைக்கும் சிகிச்சையை மருத்துவர்கள் சொன்னார்கள். அதைச் செய்துகொண்டால் பாட முடியாது என்று மறுத்துவிட்டார். பிழைத்தார். இசைக் கல்லூரிப் படிப்பு இல்லாமலே, 1952இல் போட்டியில் தேர்வாகி பொல்ஷோயில் நுழைந்தார். சைக்கோவ்ஸ்கியின் ‘யூஜின் அனேகின்’ ஓபராவில் அவர் பாடிய தத்யானா பாத்திரம் அவரை நாடறிய வைத்தது. 1955இல் ரஸ்த்ரபோவிச்சை மணந்தார். ஷோஸ்டகோவிச் அவருக்கென்றே பாடல்கள் எழுதினார்.

இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் அவர் குரலை மனத்தில் வைத்து எழுதினார். போரில் குண்டு விழுந்து அழிந்த கவென்ட்ரி தேவாலயத்தின் பக்கத்திலேயே புதிய தேவாலயம் கட்டப்பட்டது. அதன் திறப்பு விழாவுக்காக 1962இல் உருவானது ‘போர் இரங்கலிசை’. ஓர் ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர், ஒரு ரஷ்யர் மூவரும் ஒரே மேடையில் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். சோவியத் அரசு கலீனாவை அனுப்பவில்லை. கடைசி நேரத்தில் ஹெதர் ஹார்ப்பர் என்ற பாடகி அந்தப் பகுதியைக் கற்றுக்கொண்டு பாடிக் கொடுத்தார். போரில் பாட்டியையும் பிள்ளைப் பருவத்தையும் பறிகொடுத்தவருக்கு, போரில் மாண்டவர்களுக்காகப் பாட அனுமதி இல்லை. மறு ஆண்டு லண்டனில் நடந்த இசைத்தட்டுப் பதிவுக்குத்தான் வர விட்டார்கள்.

1969இல் சோல்செனித்சின் அவர்களுடைய ஷூகவ்கா வீட்டு வளாகத்தில் குடியேறினார். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் பத்திரிகைகள் வசைபாடின. ரஸ்த்ரபோவிச் அவருக்கு ஆதரவாகப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார். அங்கே ஒரு பத்திரிகையும் அதை வெளியிடவில்லை, வெளிநாடுகளில் வெளிவந்தது. அதன் பிறகு வெளிநாட்டுப் பயணங்கள் ரத்தாயின. வானொலியிலும் பத்திரிகையிலும் இருவர் பெயரும் காணாமல் போயின. அப்போது கலீனாவுக்கு வயது 44. ஒரு சொப்ரானோ தன் மீதிக் காலத்தை எண்ணிப் பார்க்கும் வயது. விருந்தாளியைப் போகச் சொல்ல அவர் ஒருவரே போதும். சொல்லவில்லை.

1974இல் இரண்டு மகள்களோடு நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். 1978இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. அதே ஆண்டில், ஸ்டாலின் காலத்தில் தடைபட்டுப் போன ஷோஸ்டகோவிச்சின் ‘லேடி மக்பெத்’ ஓபராவை அதன் மூல வடிவில் லண்டனில் இசைத்தட்டாகப் பதிவு செய்தார்கள். கணவர் இசைக்குழுவை நடத்த, 51 வயதில் கதாநாயகியாகப் பாடினார் கலீனா. நாலு வருடம் கழித்து பாரிஸில் தத்யானாவாகப் பாடி ஓபரா மேடைக்கு விடை கொடுத்தார்.

1990இல் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. ரஸ்த்ரபோவிச்சால் செல்லோவோடு மாஸ்கோ மேடைக்குத் திரும்ப முடிந்தது. கலீனாவுக்கு அப்போது 63 வயது. பொல்ஷோயில் பாட வேண்டிய வருடங்களை யாரும் திருப்பித் தர முடியவில்லை. அவர் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. 2002இல் மாஸ்கோவில் இளம் ஓபரா பாடகர்களுக்கு ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். 2012 டிசம்பரில் காலமாகும்வரை அடுத்த தலைமுறையைத் தயார்செய்தார். வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

நேரமிருப்பவர்கள் 1963இல் பதிவான ‘போர் இரங்கலிசை’யை யூடியூபில் தேடிக் கேளுங்கள். லத்தீன் புரிய வேண்டாம். கூட்டுக் குரல்களுக்கு மேலே தனியாக ஒரு பெண் குரல் எழும். அவர்தான்.