பல் வைத்தியரின் கையில் குத்தும் ஊசி



மகள் பல் வைத்தியத்துக்குத் தெரிவாகிவிட்டாள் என்றால் நம் வீடுகளில் பெருநாள்தான். இரவு வேலை குறைவு, மதிப்பான தொழில், பெண் பிள்ளைக்குத் தோதானது என்பார்கள். உண்மைதான். ஆனால், இருபது வருடமாக இத்தொழிலில் இருக்கும் நான் அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் முதலில் கேட்பது, "ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டு, இரத்தமும் சோதித்தாச்சா?" என்பதுதான்.

இது ஈரலைத் தாக்கும் ஒருவகைச் செங்கண்மாரி. இரத்தத்தால் பரவும். தடுப்பூசி போடாதவரை, இக்கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் நூற்றுக்கு முப்பது பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். எயிட்ஸ் கிருமியென்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். நாமோ எயிட்ஸுக்குத்தான் நடுங்குகிறோம்! தடுப்பூசி மூன்று முறை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். குழந்தையில் போட்டதுதானே என்று இருந்துவிடக் கூடாது.

விறைப்பு ஊசியைத் திரும்ப மூடும்போது கையில் குத்துவதுண்டு. மூடியைத் தட்டில் வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுப்பதே பாதுகாப்பு. குத்திவிட்டால் பிழியாமல், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே அறிவிக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்த ஒரு தங்கைக்கு அப்படிக் குத்தியது. நோயாளியான ராத்தா, முன்பு கேட்டபோது செங்கண்மாரி வந்ததே இல்லை என்றிருந்தார். பிறகு தனியாக அழைத்துக் கேட்டோம், அழுதுவிட்டார். நோய் இருப்பது அவருக்குத் தெரியும். வீட்டில் குமர் இருக்கிறது, ஊருக்குத் தெரிந்தால் சம்பந்தம் வராது என்று மறைத்திருக்கிறார். தங்கையின் இரத்தத்தில் போதிய எதிர்ப்புச் சக்தி இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். எனக்கு ராத்தா மீது கோபமில்லை, நம் ஊர் வாய் மீதுதான் கோபம். வைத்தியரிடம் சொல்வது அமானிதம், சகோதரிகளே. தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் எல்லோருக்கும் ஒரே கையுறை, ஒரே முகக்கவசம் போட்டுத்தான் வேலை செய்கிறோம்.

எக்ஸ்ரேயும் அப்படித்தான். அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயின் முன்னோடியான எட்மண்ட் கெல்ஸ் அக்கதிர்களில் கை வைத்தே வேலை செய்தார். விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928இல் இறந்தார். நோயாளியின் வாயில் இருக்கும் படலத்தை வைத்தியர் ஒருபோதும் கையால் பிடிக்கக் கூடாது. ஆறடியாவது விலகி நிற்க வேண்டும்.

கழுத்து வலியும் இடுப்பு வலியும் எங்களோடு கூடப் பிறந்தவை. நாற்காலியை உயர்த்தாமல் நாம் குனிவதால் வருவது அது.

பல் குடையும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் கண்ணில் படாமல் கண்ணாடி வேண்டும். உடுப்பில் படுவது நம் கண்ணுக்குத் தெரியாது. வேலைக்கென ஒரு பர்தாவை ஒதுக்கி, அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள். வாசலில் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும்.