கடைத்தெருவில் ஓர் அச்சுக்கூடம்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் இன்னர்லீதன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர். எடின்பரோவில் வாழும் என் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஒருநாள் இருவரும் பேருந்தில் அங்கே சென்றோம். அதன் கடைத்தெருவில், பழைய கட்டடங்களின் வரிசையில், ராபர்ட் ஸ்மெயில் அச்சகம் நிற்கிறது.

1866-இல் தொடங்கப்பெற்ற அத்தொழிலை ஒரே குடும்பத்தினர் மூன்று தலைமுறைகளாக நடத்தினர். தெருவை நோக்கிய முன்பகுதியில் காகிதம் முதலியன விற்கும் கடை, பின்கட்டில் அச்சுக்கூடம். முற்காலத்தில் அதன் பொறிகளை இயக்கியது நீரால் சுழலும் சக்கரம். 1986-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதனை வாங்கியது. வாங்கிப் பூட்டி வைத்துவிடவில்லை. அதன் பின்னரும் அங்கே எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்டு வருகின்றனர்.

அச்சுக்கோப்பவர், எழுத்துக்கள் அடுக்கிய கம்போஸிங் ஸ்டிக்கை என் கையில் தந்தார். எழுத்துக்கள் நிமிர்ந்து நிற்கும்படி அதனைத் திருப்பிப் பார்த்தேன். ஆங்கில வரி வலமிருந்து இடமாக ஓடியது! அரபு ஓதிப் பழகிய என் கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆயினும் என்னைத் தடுத்து நிறுத்தியவை அங்கிருந்த பெரிய பேரேடுகளே. அச்சிட்ட வேலைகளில் ஒவ்வொரு படியை எடுத்து, அவற்றில் ஒட்டி வைத்திருந்தார்கள். விளம்பரத்தாள், நுழைவுச்சீட்டு, கடைப்பட்டியல் என எதனையும் அற்பமென்று ஒதுக்கவில்லை. தொழிலுக்காக வைத்த கணக்கு, இன்று ஓர் ஊரின் வரலாறாகிவிட்டது.

"வாப்பா, ஏன் பேசாமல் நிற்கிறீர்கள்?" என்றாள் மகள்.

என்னென்று சொல்வேன்? என் தந்தையார் மறைந்த ஆண்டில் அவர்களுடைய பெட்டியைத் திறந்தேன். கிதாபுகளைக் கண்ணில் ஒற்றி எடுத்து வைத்தேன். அடியில் கிடந்த திருமண அழைப்பிதழ்களையும், மதரஸா விழா நோட்டீசுகளையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அவற்றுள் தங்களுடைய நிக்காஹ் அழைப்பிதழும் இருந்ததை உம்மா பிறகுதான் சொன்னார்கள். கோபித்துக்கொள்ளவில்லை, "அது ஒன்றுதான் இருந்தது" என்றார்கள். அவ்வளவே.

நூலைப் போற்றக் கற்ற நான், துண்டுத்தாளைப் போற்றக் கற்கவில்லை. அதனை எனக்குக் கற்பித்தது ஒரு கடைவீதி அச்சுக்கூடம்.

ஊர் திரும்பியதும் தடித்த நோட்டுப்புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதன் முதல் ஏட்டில் என் மகளின் நிக்காஹ் அழைப்பிதழை ஒட்டினேன். அதற்கு முன்னே இருந்திருக்க வேண்டிய ஏடு இனி வராது. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் அந்த ஏடு இன்னும் இருக்கக்கூடும்; எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.