சுடாத துப்பாக்கியின் பாரம்

பர்கூர் நெடுஞ்சாலையோரத்து ஜவுளிக் கடைகளுக்கு மூன்று மாநிலத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டி, கிரானைட் அறுக்கும் இரைச்சல் கேட்கிற பக்கம் திரும்பினால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஃபைபரில் வார்த்த லாரி பம்பர்களும் பேருந்து முகப்புகளும் வெயிலில் காய்கின்றன. உள்ளே போனால் மேசை நிறைய ரிவால்வர்கள்.

எல்லாம் ஒரு படத்துக்காகச் செய்தவை. எழுபதுகளின் சென்னையில் நடக்கிற ரவுடிக் கதை, ஆனால் சிரிப்புப் படம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 2023இல் ‘மார்க் ஆண்டனி’யும் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ படமும் வந்த பிறகு அந்தக் காலத்துப் பெல்பாட்டத்துக்கும் துப்பாக்கிக்கும் மவுசு கூடியிருக்கிறது. கோடம்பாக்கத்து வாடகைக் கடைகளில் கிடைக்காததைச் செய்து தரச் சொல்லி இங்கே வேலை வந்திருக்கிறது. ஓசூர் தொழிற்பேட்டையை நம்பி லேத்தும் மோல்டிங்கும் கற்றவர்கள் இந்தப் பக்கம் நிறைய. வண்டி உதிரிபாகம் கடைந்த கைகள்தான் இப்போது துப்பாக்கிக் குழல் கடைகின்றன.

மோல்டிங் வேலையைப் பார்ப்பவர் ஒரு ரிவால்வரை என் கையில் வைத்தார். கை சட்டென்று இறங்கியது. வெறும் ஃபைபர் என்றால் கால் கிலோ தேறாது. வெள்ளைக்காரன் காலத்து வெப்ளி மார்க் 6 ரிவால்வர் சுமார் 1.1 கிலோ. அந்தக் குறையை ஈடுகட்ட, கல் குவாரியில் தேய்ந்து கழித்த துளைக்கம்பியை வாங்கித் துண்டு போட்டு, பிடிக்குள்ளும் சிலிண்டருக்கு அடியிலும் வைத்து ரெசின் ஊற்றியிருக்கிறார்.

“காமெடிப் படத்துக்கு இவ்வளவு பாரம் எதுக்குண்ணா?” என்றேன்.

“காமெடிக்குத்தான் சார் வேணும். ஹீரோன்னா வெயிட் இல்லாட்டியும் கெத்தா புடிச்சிடுவாரு. இதுல அடியாளு வேட்டில சொருகுவான், வேட்டி எறங்கும். பாரமிருந்தாத்தானே எறங்கும்? இல்லன்னா நடிகர் தானா அவுத்துவிட்ட மாதிரி தெரியும், யாரும் சிரிக்க மாட்டாங்க.”

நான் பார்த்த எத்தனையோ படங்களில் சிரிப்பு ஏன் சப்பென்று போனது என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஆயிரம் பேர் சாகிற சண்டைக் காட்சியில் பொம்மைத் துப்பாக்கியைக் கண் மன்னித்துவிடும். கோமாளித்தனம் செய்கிற ஒருவன் கையில் இருக்கும் பொருள் மட்டும் நிஜமாக இருந்தாக வேண்டும்.

காலமும் பிசகக் கூடாது. கலை இயக்குநர் அனுப்பிய படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் தொண்ணூறுகளின் சரக்கு, அதனால் இந்தப் படத்தில் அதற்கு இடமில்லை. 1975 சென்னைக் கடத்தல்காரன் ஏகே-47 தூக்கினாலும் உதைக்கும். வெப்ளி, இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, காவலர்களுக்கு லீ-என்ஃபீல்டு என்று பட்டியல் அத்தோடு முடிகிறது. இங்குள்ள மூத்த தச்சருக்கு 1972இல் இயக்குநர் கர்ணன் எடுத்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்றால் உயிர். அந்தக் குதிரைப் படங்களில் துப்பாக்கி மட்டும்தான் அவர் கண்ணில் நின்றதாம்.

வண்ணம் ஏற்றுவதை நின்று பார்த்தேன். மேட் கறுப்பு அடித்துக் காய்ந்ததும் கிராஃபைட் தூளைப் பழைய புடவைத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்க்கிறாள் ஒரு பெண். ஃபைபரின் செத்த கறுப்பு மெல்ல மெல்ல இரும்பின் நீலமாக மாறுகிறது. பிறகு எமரித்தாளால் குழலின் விளிம்பிலும் டிரிகர் ஓரத்திலும் மட்டும் இரண்டு இழுப்பு. உறையில் உரசி உரசித் தேய்கிற இடங்கள் அவைதானே. மரப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் எண்ணெய் தடவி அழுக்கேற்றுகிறாள். அவள் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கை எங்கே பட்டால் பொருள் எப்படித் தேயும் என்பது அரிவாள்மனையும் அம்மியும் புழங்கியவளுக்குத் தெரியாதா என்ன?

குளோசப்புக்கு மட்டும் அலுமினியத்தில் கடைந்த பீஸ். அடிதடியில் கீழே விழுகிறவர்களுக்கு ரப்பர். எதுவும் சுடாது, புகை கூட விடாது. குழல்வாய் நெருப்பைக் கணினியில் சேர்த்துக்கொள்கிறார்கள். கை எகிறுவதை நடிகர்தான் நடித்துக் காட்ட வேண்டும்.

இந்தச் ‘சுடாது’ என்பதில்தான் எனக்கு இந்தக் கொட்டகை மேல் பெரிய மரியாதை. 1993 மார்ச் 31 அன்று ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ செத்தது நிஜத் துப்பாக்கியால். முன்பு எடுத்த ஒரு காட்சியில் தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கி நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு வெற்றுத் தோட்டாவை வெடித்தபோது அது பின்னாலிருந்து தள்ள, முனை பாய்ந்து வயிற்றில் இறங்கியது. அவருக்கு வயது 28. 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் டம்மித் தோட்டாக்களுக்கு நடுவே நிஜத் தோட்டா கலந்து, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆயுதப் பொறுப்பாளராக இருந்த பெண் 2024இல் தண்டனை பெற்றார். ஒரு காட்சி தத்ரூபமாக வர ஓர் உயிரைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. கணினி நெருப்பு கொஞ்சம் போலியாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

இங்கே இன்னொரு கவலையும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து வனவோரக் கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வதே குற்றம். மாநில எல்லைச் சோதனையில் பெட்டியைத் திறந்தால் முதலில் தெரிவது ரிவால்வர்தான், ஃபைபர் அல்ல. அதனால் படக் கம்பெனியின் கடிதமும் ஒவ்வொரு பீஸின் புகைப்படமும் இல்லாமல் எதுவும் கொட்டகையை விட்டு வெளியேறுவதில்லை.

படம் வந்தால் கலை இயக்குநர் பெயர் திரையில் ஓடும். இந்த ஊரின் பெயரோ இவர்கள் பெயரோ வராது. வர வேண்டும் என்று நான் சொன்னதற்கு, “பேமென்ட் மொதல்ல வரட்டும் சார்” என்று சொல்லிவிட்டு மோல்டிங்காரர் ஓசூருக்குப் போன் போட்டார். ஜமீன்தார் பாத்திரத்துக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி பாக்கி இருக்கிறது. எதிர்முனையில் லேத்துக்காரர், குழாயே இருக்கிறது, அதை வெட்டித் தந்துவிடவா என்று கேட்டார் போல.

“பைப்பு வேணாம்ப்பா. ராடாவே கடைஞ்சு குடு. முன்னால அரை இஞ்சு மட்டும் கொடைஞ்சா போதும், ஓட்டை தெரியும். அதுக்கு மேல உள்ள ஒண்ணும் போகக் கூடாது.”