யாரைக் கேட்டு எழுதினாய்?

கயல், சமூகவியல் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று உன் மாமா கேட்டாராம். நீ பதில் பேசாமல் எழுந்து வந்துவிட்டாயாம். அவர் கேட்டதில் தப்பில்லை. படிவமும் கையுமாக ஊர் ஊராய்ப் போய் வயிறு வளர்த்த பெரியம்மா நான் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும்.

1916ஐ எடுத்துக்கொள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், லீவில் ஊருக்குப் போகிற மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதி வரச் சொன்னார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருக்கும் இருவேல்பட்டு அப்படி எழுதி வந்த ஊர்களில் ஒன்று. அங்கே படியாள்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பன் வாங்கிய கடன் மகன் தலையில் இறங்கும். நிலம் கைமாறினால் ஆளும் கூடவே கைமாறுவான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் காகிதத்தில் ஏறிய பிறகு, அப்படியெல்லாம் இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு பழைய புத்தகமாகப் போயிருக்கும். அதே ஊருக்கு 1930களில் போனார்கள், 1980களில் போனார்கள், 2008இல் மறுபடியும் போனார்கள். பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. வயலை மட்டும் நம்பியிருந்த சனம் வெளி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தது. ஒரே ஊரை இத்தனை தலைமுறை விடாமல் போய்ப் பார்ப்பது லேசான காரியமில்லை. பேராசிரியர்கள் மாறுவார்கள், பணம் நின்றுபோகும். 2008இல் போனவர்களில் ஒருவரான ஜெ. ஜெயரஞ்சன்தான் 2021இல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் ஆனார். இதை உன் மாமாவிடம் சொல், கொஞ்சம் யோசிப்பார்.

நான் பழகியது இதைவிடச் சின்ன விஷயம். ஒரு வீட்டுக்குப் போவோம். திண்ணையில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். "வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டால், "இல்லைங்க, வீட்லதான் இருக்கா" என்பார். கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம், பலரும் அப்படித்தான் போனார்கள். கொல்லைப்பக்கம் போய் அந்த அம்மாவிடமே, "காலையில எழுந்ததும் என்னம்மா செஞ்சீங்க, அப்புறம் என்ன?" என்று மணி மணியாகக் கேட்டால் கதையே வேறு. சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, சோறாக்கி, களை பறித்து, சாயங்காலம் புல்லுக்கட்டோடு திரும்பியிருப்பார். பால் சொசைட்டி பாஸ்புக் மட்டும் திண்ணையில் இருப்பவர் பேரில்.

இப்படி மணி மணியாகக் கேட்கிற முறையை அரசே 1998-99இல் ஆறு மாநிலங்களில் சோதித்துப் பார்த்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. நாடு முழுக்க முதன்முறையாக நடந்தது 2019இல். முந்தின நாள் விடியற்காலை நாலு மணியிலிருந்து மறுநாள் நாலு மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதில் நாளுக்கு 299 நிமிடம் போடுகிறார்கள், அதைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்ல ஒரு சர்வே வேண்டுமா என்று சிரிக்காதே. அவர்கள் சொன்னால் அது புலம்பல். எண்ணாக வந்தால்தான் அலுவலகத்தில் ஃபைல் நகரும். 2023இல் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு வந்த மாதம் 1000 ரூபாயை உதவி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொன்னார்களே, அதன் பின்னால் இந்தப் பேச்செல்லாம் இருக்கிறது. ஓட்டுக் கணக்கும் இருக்கிறது. இல்லையென்று சொல்ல நான் பச்சைக் குழந்தையில்லை.

பிடித்த எண்ணைத் தட்டியில் எழுதுவதும் பிடிக்காததைப் பூட்டி வைப்பதும் எல்லா ஆட்சியிலும் உண்டு. 2017-18க்கான வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பை மத்திய அரசு வெளியிடாமல் வைத்திருந்தபோது, தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி இரண்டு பேரும் 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தார்கள். தேர்தல் முடிந்து மே மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. வேலையின்மை 6.1 சதவீதம். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு முதுகெலும்பு எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு பேரைத்தான் நான் காட்டுவேன்.

நீ முதன்முதலாகக் களத்துக்குப் போகும்போது உச்சி வெயிலில் போகாதே, அந்த நேரத்தில் பெண்கள் வயலில் இருப்பார்கள். செருப்பை வாசலிலேயே விடு, கொடுக்கிற மோரைக் குடி. "தெரியலைங்க" என்றால் தெரியவில்லை என்றே எழுது. நீயாக ஒரு எண்ணைப் போடாதே. படிவத்தில் "பதில் சொன்னவர் யார்" என்று ஒரு கட்டம் இருக்கிறதா பார். இல்லையென்றால், உங்கள் பேராசிரியர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அச்சுக்குப் போகும் முன்பே போடச் சொல்லிக் கேள்.